சுமை ஏறியதும் பின்னால் உட்காரும் பிக்கப்: ஒரு நிகழ்வு ஆய்வு

எதிரில் வந்த மூன்றாவது லாரியும் ஹை பீம் அடித்துக் காட்டிவிட்டுப் போனபோது வண்டியை ஓரங்கட்டினேன். நான் லோ பீமில்தான் வந்துகொண்டிருந்தேன். இறங்கி, சற்றுத் தள்ளிப் பக்கவாட்டில் நின்று பார்த்ததும் காரணம் தெரிந்தது. வண்டியின் மூக்கு வானத்தைப் பார்த்திருந்தது, வால் தரையைத் தொடாத குறை. பின்சக்கரத்துக்கு மேலே விரல் விட்டுப் பார்த்தேன். ஸ்பிரிங் முழுதாக அமுங்கும்போது சேசிஸும் ஆக்ஸிலும் மோதாமல் தடுக்கும் பம்ப் ஸ்டாப் ரப்பர், வலப்பக்கம் ஆக்ஸிலைத் தொட்டபடி நின்றது. அதாவது அந்தப் பக்கம் ஸ்பிரிங் என்று சொல்ல எதுவும் மிச்சமில்லை. குழியில் விழும் ஒவ்வோர் அடியும் நேராக சேசிஸுக்குப் போய்க்கொண்டிருந்தது.

முதலில் வண்டியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். டபுள் கேப் பிக்கப், ஃபோர் வீல் டிரைவ், வீல்பேஸ் (முன் ஆக்ஸிலுக்கும் பின் ஆக்ஸிலுக்கும் இடையிலான தூரம்) 3000 மி.மீ. முன்னால் இண்டிபெண்டன்ட் சஸ்பென்ஷன். பின்னால் முழு ஆக்ஸில், பக்கத்துக்கு ஒரு கமான், அதாவது வளைந்த எஃகுப் பட்டைகளை அடுக்கிச் செய்த ஸ்பிரிங். ஒவ்வொரு கமானிலும் 4 பட்டைகள், அவற்றுக்கு அடியில், சுமை கூடும்போது மட்டும் வேலைக்கு வரும் தடித்த ஹெல்பர் பட்டை ஒன்று. 9 வருடம், ஏறக்குறைய 1,40,000 கி.மீ. ஓடியது. நெடும்பயணத்துக்காகப் பின்னால் மூடிய கூடு, இழுப்பறைகள், இரும்பு பம்பர், தண்ணீர்த் தொட்டி, ஃபிரிட்ஜ், கூரைக் கூடாரம் என்று வருடா வருடம் ஒவ்வொன்றாகச் சேர்த்திருந்தேன். ஒவ்வொரு முறையும் சேர்ந்தது கொஞ்சம்தான், அதனால் வண்டி இறங்குவது கண்ணில் படவே இல்லை.

அளந்து பார்ப்பதற்கு முன்பே இரண்டு தவறுகள் செய்தேன். இதே வழியில் போகிறவர்கள் நிறையப் பேர் என்பதால் அவற்றை விரிவாகவே எழுதுகிறேன்.

முதல் தவறு, ஷாக் அப்சார்பரை மாற்றியது. பழைய ஷாக்குகளில் எண்ணெய் கசிந்திருந்தது, அவற்றை மாற்ற வேண்டியதுதான். ஆனால் மாற்றினால் உயரம் வந்துவிடும் என்று நம்பியது தவறு. ஷாக் அப்சார்பர் எடையைத் தாங்குகிற பொருளே அல்ல. ஸ்பிரிங் ஆடுவதை அடக்குவதுதான் அதன் வேலை. கேஸ் நிரப்பிய ஷாக்கில் ராடை வெளியே தள்ளும் சிறு விசை உண்டு. 700 கிலோ சுமைக்கு முன்னால் அது கணக்கிலேயே வராது. புது ஷாக்குகளோடு வண்டி அதே உயரத்தில் நின்றது.

இரண்டாவது தவறு பெரியது. சேசிஸுக்கும் ஆக்ஸிலுக்கும் நடுவில் வைக்கும் காற்றுப் பைகளைப் போட்டேன். காற்றடித்ததும் பின்பக்கம் கம்பீரமாக எழுந்து நின்றது, லைட்டும் சரியானது. பிரச்சினை தீர்ந்தது என்றே நினைத்தேன். இரண்டு பயணங்களுக்குப் பிறகு அடியில் படுத்து கிரீஸ் வைக்கும்போது, பையின் மேல் பிராக்கெட் உட்கார்ந்திருந்த இடத்தில் சேசிஸின் பெயின்ட் மயிரிழை போல வெடித்திருப்பதைப் பார்த்தேன். வலப்பக்கம் ஒரு விரல் நீளம், இடப்பக்கம் அதில் பாதி. பெயின்டைச் சுரண்டி, விரிசல் காட்டும் சிவப்புச் சாயத்தை அடித்துப் பார்த்தோம். இரும்பில் விரிசல் இல்லை. அன்றே பைகளைக் கழற்றிவிட்டேன்.

ஏன் அப்படி ஆனது என்பதைப் புரிந்துகொள்வது முக்கியம். கமான் சேசிஸை இரண்டு இடங்களில் பிடித்திருக்கிறது. முன்னால் ஹேங்கர் என்ற நிலையான பிடி, பின்னால் ஷேக்கிள் என்ற ஆடும் இணைப்பு. என் வண்டியில் இரண்டுக்கும் இடையே 1300 மி.மீ. சுமை இந்த இரண்டு இடங்களுக்கும் பிரிந்து இறங்கும். நடுவில் காற்றுப் பையை வைத்தால் அது ஆக்ஸிலுக்கு நேர் மேலே, ஒரே இடத்தில் சேசிஸை மேல்நோக்கிக் குத்துகிறது. ஆக்ஸிலுக்குப் பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும் பம்பரும் ஸ்டெப்னியும் வாலைக் கீழே இழுக்கின்றன. குச்சியை முழங்காலில் வைத்து ஒடிப்பது போன்ற நிலை. என் அளவுகளை வைத்துக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். வால் முனையில் ஏற்றும் எடையைக் கமான் தாங்கும்போது ஆக்ஸிலுக்கு மேலே சேசிஸில் வரும் வளைவு விசையைவிட, முழுவதும் பை தாங்கும்போது வருவது ஒன்றரை மடங்குக்கும் மேல். நிற்கும் வண்டிக்கே இந்தக் கணக்கு. குண்டும் குழியுமான பாதையில் விழுந்து எழும்போது இன்னும் பல மடங்கு.

காற்றுப் பை எல்லா வண்டிக்கும் ஆகாது என்று சொல்ல வரவில்லை. காயில் (சுருள்) ஸ்பிரிங் உள்ள வண்டியில் பை காயிலுக்கு உள்ளேயே உட்காரும், ஏற்கெனவே எடை இறங்கும் அதே இடத்தில்தான் அதுவும் தாங்கும். கமான் வண்டியிலும் சுமை ஆக்ஸிலுக்கு முன்னால் இருந்து, குறைந்த காற்றில் சின்ன உதவியாக வைத்துக்கொண்டால் ஆபத்து குறைவு. என் வண்டியோ வாலில் கனம் தொங்கும் வண்டி. அதற்கு அது தப்பான மருந்து.

அளவு நாடாவிலிருந்து மறுபடி

இந்த முறை எதையும் வாங்குவதற்கு முன் அளப்பது என்று முடிவு செய்தேன். சக்கரத்தின் மையமான ஹப்பின் நடுப்புள்ளியிலிருந்து, சக்கரத்துக்கு மேலே வளைந்திருக்கும் வீல் ஆர்ச்சின் கீழ் விளிம்பு வரை நேர்க்கோட்டில் எடுப்பதுதான் சரியான அளவு. தரையிலிருந்து எடுத்தால் டயரின் காற்று கணக்கைக் கெடுத்துவிடும். சமதளத்தில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக்கை விட்டு, வண்டியை முன்னும் பின்னும் கொஞ்சம் உருட்டிய பிறகு அளக்க வேண்டும்.

கமானில் இன்னொரு சிக்கல் உண்டு. பட்டைகள் ஒன்றோடொன்று உரசுவதால், அமுக்கி விட்டால் ஓர் உயரத்திலும், தூக்கி விட்டால் வேறோர் உயரத்திலும் நிற்கும். என் வண்டியில் இந்த வித்தியாசம் மட்டுமே 10 மி.மீ. இருந்தது. அதனால் பம்பரில் ஏறி அமுக்கி மெல்ல விட்டு ஓர் அளவு, தூக்கி மெல்ல விட்டு ஓர் அளவு, இரண்டின் சராசரி. இதைச் செய்யாமல் எடுத்த அளவை நம்பி ஸ்பிரிங் வாங்காதீர்கள்.

கூடு, பம்பர், இழுப்பறை எல்லாவற்றையும் கழற்றி வெறும் வண்டியாக அளந்தபோது இடப்பக்கம் 520, வலப்பக்கம் 512 மி.மீ. பயணத்துக்குப் போகும் முழுச் சுமையோடு 438, 424. பம்ப் ஸ்டாப்புக்கும் ஆக்ஸிலுக்கும் உள்ள இடைவெளி இடப்பக்கம் 90-லிருந்து 8 ஆகக் குறைந்தது. வலப்பக்கம் 82-லிருந்து ஒன்றுமில்லாமல் போனது. அதே மாடலில், அதிகம் ஓடாத, எதுவும் சேர்க்காத ஒரு வண்டியைத் தேடிப்பிடித்து அளந்தேன். 543, 542.

அப்புறம் எடைமேடை. முன்சக்கரங்களை மட்டும் ஏற்றி ஒரு முறை, முழு வண்டியை ஏற்றி ஒரு முறை எடுத்து, கழித்துப் பார்த்தால் பின் ஆக்ஸிலின் எடை கிடைக்கும். வெறும் வண்டிக்கு முன்னால் 1180, பின்னால் 820, ஆக மொத்தம் 2000 கிலோ. சுமையோடு முன்னால் 1150, பின்னால் 1590, மொத்தம் 2740. இரண்டு முறையும் உள்ளே இருந்தது அதே இரண்டு பேர்தான்.

இந்த எண்களில் எனக்கு அதிர்ச்சி தந்தது 1150. 740 கிலோ ஏற்றிய பிறகு முன் ஆக்ஸிலின் எடை கூடவில்லை, 30 கிலோ குறைந்திருக்கிறது. சீசா பலகை மாதிரிதான். பின் ஆக்ஸிலுக்கு 1200 மி.மீ. பின்னால் 100 கிலோவைத் தொங்கவிட்டால், 3000 மி.மீ. வீல்பேஸ் வண்டியில் பின் ஆக்ஸில் சுமப்பது 100 அல்ல, 140 கிலோ. மிச்ச 40 முன்னாலிருந்து பிடுங்கப்படுகிறது. ஸ்டியரிங் மிதப்பது போல இருந்ததற்கும், ஈரச் சாலையில் முன்சக்கரம் சீக்கிரம் வழுக்கியதற்கும் விளக்கம் இங்கே இருந்தது. லைட்டும் அப்படித்தான். பின்னால் 85 மி.மீ. இறங்கினால், 25 மீட்டர் தூரத்தில் வெளிச்சம் 70 செ.மீ.க்கு மேல் உயர்ந்துவிடும். எதிரே வருகிறவரின் கண்ணுக்கு.

பின் ஆக்ஸிலின் வரம்பு 1650 கிலோ. நான் 60 கிலோ மிச்சத்தில் ஓட்டிக்கொண்டிருந்தேன். முழு டீசல், இன்னும் இரண்டு பேர் என்றால் தாண்டியிருப்பேன். ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும்: கடினமான ஸ்பிரிங் போட்டால் இந்த வரம்பு ஏறிவிடாது. ஆக்ஸில் குழாய், பேரிங், டிஸ்க், டயர், பிரேக், சேசிஸ் எல்லாம் சேர்ந்து நிர்ணயிக்கும் எண் அது. ஸ்பிரிங் அதில் ஓர் அங்கம் மட்டுமே.

எது எவ்வளவு இறக்கியது

இப்போது கணக்கைப் பிரிக்கலாம். பின் ஆக்ஸிலில் கூடியது 770 கிலோ, பக்கத்துக்கு 385. உயரம் சராசரியாக 85 மி.மீ. இறங்கியது. ஆக, ஒரு கமான் 1 மி.மீ. அமுங்க ஏறக்குறைய 4.5 கிலோ தேவைப்படுகிறது. ஹெல்பர் பட்டை பாதியில் வந்து சேர்வதால் இது சராசரிதான். ஆனாலும் முடிவெடுக்கப் போதுமானது.

வயதான கமான் மெத்தென்று ஆகிவிட்டது என்று பேசுவது வழக்கம். எஃகின் விறைப்பு வயதானால் குறைவதில்லை. போவது வளைவுதான். பட்டை உடையாத வரை, பழைய கமானும் அதே 100 கிலோவுக்கு அதே அளவுதான் அமுங்கும். தொடங்கும் இடம்தான் தாழ்ந்துவிட்டது. அதனால்தான் வெறும் வண்டியின் உயரமும், சுமை ஏற்றும்போது இறங்கும் அளவும் தனித்தனியாக வேண்டும். முதலாவது அளவு, பட்டைகள் எவ்வளவு தளர்ந்திருக்கின்றன என்று சொல்லும். இரண்டாவது அதன் பலம் சுமைக்குப் போதுமா என்று சொல்லும். இரண்டையும் ஒன்றாகப் பார்க்கிறவர் தேவையில்லாத பாகத்தை வாங்கிவிடுவார்.

புது வண்டியின் 542-ஐயும் என் சுமை வண்டியின் 431-ஐயும் சராசரியாக வைத்தால் மொத்த இறக்கம் 111 மி.மீ. அதில் 26 வயதால் வந்தது. மிச்சம் 85 சுமையால்.

முதலில் சுமையில் கைவைத்தேன். ஒவ்வொரு பொருளையும் உடல் எடை பார்க்கும் மெஷினில் வைத்து எழுதினோம். இரண்டாவது ஸ்டெப்னி 38 கிலோ. இரண்டு டீசல் கேன்கள் 42. அவற்றைத் தாங்கப் பம்பரில் வைத்த, கதவு போலத் திறக்கும் கைகள் 15. மூன்றும் வாலின் கடைசி நுனியில். மூன்றையும் எடுத்துவிட்டேன். கருவிப் பெட்டியில் இருந்த 55 கிலோவில் 25 கிலோ ஒரு முறைகூடப் பயன்படாதவை. தண்ணீரை 60 லிட்டரிலிருந்து 40 ஆக்கினேன். துணிமணியில் 10. ஆக 150 கிலோ இறங்கியது. அதைவிட முக்கியமாக, வலப்பக்க மூலையில் இருந்த தண்ணீர்த் தொட்டியைக் கேபினை ஒட்டி நடுவில், ஆக்ஸிலுக்கு முன்னால் கொண்டுவந்தேன். வலப்பக்கம் கூடுதலாகச் சாய்ந்ததற்கு அதுதான் பெரிய காரணம்.

மறுபடி எடைமேடை. முன்னால் 1205, பின்னால் 1385. சுமை குறைந்தது 150 கிலோ, பின் ஆக்ஸிலில் குறைந்ததோ 205 கிலோ. உயரம் 455, 451. ஒரு பாகமும் வாங்காமல் சராசரியாக 22 மி.மீ. திரும்ப வந்தது, இடவல வித்தியாசமும் கிட்டத்தட்ட மறைந்தது. இந்த நிலையில் வண்டியை ஓட்டியபோது காற்றுப் பையோடு ஓட்டியதைவிட நன்றாக இருந்தது. கூடுதல் பாகம் வாங்க நினைக்கும் ஒவ்வொருவரும் இந்த வேலையை முதலில் செய்துபார்க்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

கமானை என்ன செய்வது

மிச்சம் இருந்தது வயதின் 26, சுமையின் 63. நான்கு வழிகள் இருந்தன.

ஷேக்கிளை நீளமாக்குவது ஒன்று. 50 மி.மீ. நீட்டினால் வண்டி அதில் பாதிதான் ஏறும். பலம் துளியும் கூடாது. ஆக்ஸில் சற்று உருண்டு, கியர்பாக்ஸிலிருந்து ஆக்ஸிலுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் புரொப்பெல்லர் ஷாஃப்டின் கோணம் மாறி அதிர்வு வரலாம். இது எனக்கு வேண்டாம்.

பழைய பட்டைகளுக்கு வளைவு ஏற்றித் தருவது இன்னொன்று. குளிர்ந்த நிலையில் அடித்து வளைத்தால் கொஞ்ச நாளில் பழைய இடத்துக்கே போய்விடும். முறையாகச் சூடேற்றி, எண்ணெயில் குளிர்வித்து, மறுபடி பதப்படுத்திச் செய்கிறவர் கிடைத்தால் அது நல்ல வேலை. ஆனால் என் பட்டைகளைப் பிரித்துப் பார்த்தபோது, வலப்பக்கம் மூன்றாம் பட்டையின் நுனி, மேலே இருக்கும் பட்டையின் அடியில் நகம் பதியும் அளவுக்குக் குழி போட்டிருந்தது. விரிசல் பிறக்கும் இடம் அது. அதில் செலவழிக்க மனம் வரவில்லை.

மூன்றாவது, ஒரு பட்டை சேர்ப்பது. பட்டறையில் பெரும்பாலும் இதைத்தான் சொல்வார்கள். ஒரே தடிப்பில் நாலுக்கு ஐந்தானால் பலம் ஏறக்குறைய கால் பங்கு கூடும். தடிப்பில் கவனம் வேண்டும். பட்டையின் விறைப்பு தடிப்பின் மும்மடிப் பெருக்கத்தில் ஏறும். 7 மி.மீ.க்குப் பதிலாக 8 மி.மீ. பட்டை போட்டால் அந்தப் பட்டை ஒன்றரை மடங்கு விறைப்பாகிவிடும். அதோடு, தளர்ந்த நாலு பட்டைகளுக்கு நடுவே நல்ல வளைவுள்ள புதுப் பட்டை ஒன்று நுழைந்தால், தன் பங்குக்கு மேல் சுமையை அதுவே வாங்கிக்கொள்ளும். முதலில் உடைவதும் அதுவே. பட்டைகள் எல்லாம் நல்ல நிலையில் இருந்தால் இந்த வழி பொருத்தம். எனக்குப் பொருந்தவில்லை.

ஆகவே நான்காவது: முழுக் கமானையும் புதிதாக. இங்கே எவ்வளவு கடினமாக என்பதுதான் கேள்வி. சுமையைத் தாங்கினால் போதும் என்று மிகக் கடினமானதை எடுத்தால், சுமை இல்லாத நாளில் பின்சக்கரம் தரையைவிட்டுத் துள்ளும், சக்கரம் தொங்கி இறங்கிப் பள்ளத்தில் பிடிக்கும் குணமும் போய்விடும். என் 590 கிலோவில் கூடு, இழுப்பறை, பம்பர் போன்றவை எப்போதும் வண்டியிலேயே இருப்பவை. அதனால் நிரந்தரச் சுமைக்கென்று செய்த கமானில், 1 மி.மீ.க்கு 5.9 கிலோ என்ற அளவில் இருந்ததைத் தேர்ந்தெடுத்தேன். பின் ஆக்ஸிலில் கூடும் 565 கிலோவுக்கு அது 48 மி.மீ. இறங்க வேண்டும் என்று முன்கூட்டியே எழுதி வைத்தேன். வெறும் பிக்கப்பாக அன்றாடம் ஓட்டி, வருடத்துக்கு ஒரு முறை மட்டும் சுமை ஏற்றுகிறவருக்கு இந்தக் கமானைப் பரிந்துரைக்க மாட்டேன்.

பொருத்தும்போது பார்த்தவை

கமானை ஆக்ஸிலோடு கட்டும் யூ போல்ட்டுகள் புதிதாக. ஒரு முறை முறுக்கியவை நீண்டிருக்கும், அவற்றை மறுபடி நம்பக்கூடாது. யூ போல்ட் தளர்ந்தால், பட்டைகளை நடுவில் கோக்கும் சென்டர் போல்ட் உடையும், அது உடைந்தால் ஆக்ஸிலே இடம் நகர்ந்துவிடும். குறுக்குமறுக்காகக் கொஞ்சம் கொஞ்சமாக முறுக்கி, 500 கி.மீ.யில் ஒரு முறையும் 1000 கி.மீ.யில் ஒரு முறையும் டார்க் ரெஞ்சால் சரிபார்த்தோம். முதல் முறை நான்கு நட்டுகள் கால் சுற்று ஏறின.

கமானின் முனைகளில் உள்ள ரப்பர் புஷ்களின் போல்ட்டை ஜாக்கியில் தொங்கவிட்ட நிலையில் இறுக்கவே கூடாது. வண்டி சக்கரத்தில் நின்ற பிறகு, ஓடும் உயரத்தில்தான் இறுக்க வேண்டும். இல்லாவிட்டால் ரப்பர் எப்போதும் முறுக்கிக்கொண்டே இருந்து சீக்கிரம் கிழியும்.

பலரும் மறப்பது பிரேக். என் வண்டியில் பின் ஆக்ஸிலிலிருந்து ஒரு கம்பி மேலே போய், சேசிஸில் உள்ள பிரேக் வால்வைச் சுமைக்கு ஏற்பத் திருப்புகிறது. வண்டி உயர்ந்தால், சுமை இல்லை என்று அந்த வால்வு எடுத்துக்கொண்டு பின் பிரேக்கின் அழுத்தத்தைக் குறைத்துவிடும். முழுச் சுமையோடு இறக்கத்தில் போகும்போது இது உயிர் சம்பந்தப்பட்ட விஷயம். உயரம் கூடிய அளவுக்கு அந்தக் கம்பியின் பிராக்கெட்டை மாற்றி, அழுத்தமானி வைத்துச் சரிபார்த்த பிறகே வெளியே எடுத்தேன். ஹெட்லைட்டைச் சுமையோடு நிறுத்திவைத்து மறுபடி திருத்தினோம்.

முதல் ஓட்டத்தில் பின்பக்கம் குதித்துக் குதித்து அடங்கியது. தவறு கமானில் இல்லை. கமானின் விறைப்பு கூடியதால், அது திரும்ப எழும்பும் வேகத்தைப் பழைய அளவுள்ள ஷாக் பிடித்து நிறுத்த முடியவில்லை. முன்பு அவசரப்பட்டு வாங்கியவை அந்த ஷாக்குகள். எழும்பும் திசையில் வலுவான வேறு ஜோடியைப் போட்டதும் ஒரே அசைவில் அடங்கியது. ஷாக்கைக் கமானுக்குப் பிறகு வாங்கியிருந்தால் ஒரு ஜோடி மிச்சம்.

வெறும் வண்டியாக 566, 566. முழுப் பயணச் சுமையோடு 519, 517. எழுதி வைத்த 48 மி.மீ.க்கு ஒரு மி.மீ. அங்கும் இங்கும். பம்ப் ஸ்டாப்புக்கும் ஆக்ஸிலுக்கும் இடையே இப்போது 90 மி.மீ.க்குக் கிட்ட இடம் இருக்கிறது. சுமை இல்லாத பழைய வண்டியில் இருந்த இடைவெளி இது. சுமை இல்லாமல் ஓட்டினால் வேகத்தடையில் முன்பைவிடக் கடினமாக அடிக்கிறது, அதை மறைக்க விரும்பவில்லை.

அதற்குப் பிறகு 6000 கி.மீ., பெரும்பகுதி சுமையோடு, அதில் பாதி மண் பாதை. புதுப் பட்டை முதலில் கொஞ்சம் படியும் என்பது எதிர்பார்த்ததே: 513, 511. ஆயிரம் கி.மீ. முன்பு எடுத்த அளவும் இதுவேதான். சேசிஸில் பெயின்ட் வெடித்த இடத்தைச் சுத்தம் செய்து மெல்லிய வெள்ளைப் பெயின்ட் அடித்து வைத்திருக்கிறேன், புதிதாகக் கீறல் விழுந்தால் உடனே தெரியும் என்று. ஒவ்வொரு பயணத்துக்குப் பிறகும் டார்ச் அடித்துப் பார்க்கிறேன். இதுவரை வெள்ளை வெள்ளையாகவே இருக்கிறது.